பங்குனியில் நிறையும் ஏரி

(சிவகங்கைப் பக்கம் ஒரு கோடைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கண்மாய்களைப் பற்றிப் பேசத்தான் அழைத்தார்கள். நான் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு ஏரிக்கரையில் அம்மாவோடு மீன் பிடித்ததைப் பற்றிப் பேசப் போகிறேன். கண்மாய்க்கு எப்படியும் வந்து சேர்வேன். நீரியல் படித்து அந்த வேலையிலேயே இருக்கிறவன் நான். ஆனாலும் தண்ணீர் ஏறுவதற்கும் மீன் பெருகுவதற்கும் உள்ள உறவை எனக்குப் புரியவைத்தது அம்மா கேட்ட இரண்டு மூன்று கேள்விகள்தான்.

அப்போது நான் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிறு நகரத்தில் இருந்தேன். இங்கிலாந்தில் இருப்பது அல்ல, மிசிசிப்பியின் வடக்கே இருப்பது. எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னர் வாழ்ந்த ஊர். அம்மா ஆறு மாத விசாவில் வந்திருந்தார். வந்த முதல் மாதம் ஜன்னலைத் தவிர அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. நான் வேலைக்குப் போய்விடுவேன். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஒருநாள் சாயங்காலம் கேட்டார்: “ஏய்யா, இந்த ஊருல கம்மாயே இல்லையா?”

அம்மா கண்மாய்க்கரையில் வளர்ந்தவர். எட்டு வயதில் தூண்டில் போடக் கற்றவர். நாணல் தட்டையில் தக்கை செய்வார், மண்புழுவை நுனி தொங்கும்படி முள்ளில் கோர்ப்பார், ஊத்தாக் கூடையைச் சேற்றில் அமுக்கிவிட்டு மேல்வாய் வழியே கைவிட்டுக் கெளுத்தியின் முள் படாமல் எடுப்பார். கல்யாணமாகி வந்த ஊரில் கண்மாய் மீனைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அதோடு தூண்டில் நின்றது. நாற்பது வருஷத்துக்கு மேல் அவர் தூண்டில் தொடவில்லை. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெற்ற தாய்க்கு என்னென்ன வேலை தெரியும் என்று நாம் கேட்டுவைப்பதே இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் கிரெனடா ஏரி. யலபுஷா ஆற்றின் குறுக்கே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டி, 1954இல் முடித்த அணை. யலபுஷா என்பது சாக்டா பழங்குடியினரின் சொல். தலைப்பிரட்டைகள் இருக்கும் இடம் என்று பொருள். அதே பகுதியில் சார்டிஸ், ஈனிட், ஆர்காபட்லா என்று இன்னும் மூன்று அணைகள் உண்டு. நான்கும் வெள்ளத்தைப் பிடித்துவைக்கக் கட்டியவை. பாசனம் அவற்றின் நோக்கமே அல்ல. 1927 ஏப்ரல் 21 அன்று மௌண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் மிசிசிப்பி ஆற்றின் கரை உடைந்து, தாழ்நிலப் பருத்திக் காடுகளெல்லாம் கடலாயின. இனி அப்படி நேரக் கூடாது என்று எடுத்த பெரும் ஏற்பாடுகளின் பகுதிதான் இந்த அணைகள்.

வெள்ளத்தைப் பிடிக்கும் அணை என்றால், வெள்ளம் வருமுன் அதில் இடம் காலியாக இருக்க வேண்டும் அல்லவா? அதனால் இலையுதிர் காலத்திலேயே தண்ணீரைத் திறந்து இறக்கிவிடுகிறார்கள். கிரெனடாவின் குளிர்கால மட்டம் கடல் மட்டத்திலிருந்து 193 அடி. கோடை மட்டம் 215 அடி. நடுவில் 22 அடி. ஜனவரியில் போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண் சேறும் பழைய மரக்கட்டைகளுமாகக் கிடக்கும். மழை வரவர மட்டம் ஏறும். மார்ச் கடைசியில், அதாவது நம் பங்குனியில், புல்லும் புதரும் முளைத்த காய்ந்த தரைமேல் புதுத் தண்ணீர் பரவிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பங்குனியில் நம் கண்மாய் என்ன நிலையில் இருக்கும்? வற்றி, நடுப்பள்ளத்தில் முழங்கால் தண்ணீர் கிடக்கும். ஊர் கூடி வெள்ளைத்துண்டு வீச, கச்சாவும் ஊத்தாவுமாக ஜனம் இறங்கும் மீன்பிடித் திருவிழா அப்போதுதான் தொடங்கும். அந்தத் தண்ணீருக்கு அதுதான் முடிவு. மீனுக்கும் முடிவு. அம்மா மனத்தில் பங்குனி மீன் என்றால் அந்த மீன்தான். மறுபடி ஐப்பசி மழை வந்து, வரத்துக்காலில் தண்ணீர் ஓடி, அந்தத் தண்ணீரை எதிர்த்துச் சினைமீன் ஏறிவந்தால்தான் அடுத்த பிறப்பு. கிரெனடாவில் கார்க் கதவைத் திறந்து இறங்கியதும் அவர் சொன்ன முதல் சொல், “பங்குனியில தண்ணி ஏறுது பாரேன்.”

அந்தத் தண்ணீரோடு கரைக்கு வரும் மீனுக்குக் கிராப்பி என்று பெயர். உள்ளங்கையை விரித்தது போலத் தட்டையான உடம்பு, வெள்ளி நிறம், பெரிய கண், பெரிய வாய். வெள்ளைக் கிராப்பி, கறுப்புக் கிராப்பி என்று இரண்டு இனம். முதுகுத் துடுப்பின் முன்பக்க முட்களை எண்ணிப் பார்த்தால் தெரியும். ஐந்தோ ஆறோ இருந்தால் வெள்ளை, ஏழோ எட்டோ இருந்தால் கறுப்பு. கலங்கல் தண்ணீரை வெள்ளைக் கிராப்பி நன்றாகத் தாங்கும். அம்மா முதல் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஜிலேபிக் கெண்டைக்குச் சித்தி மக மாதிரி இருக்கு” என்றார். இரண்டும் வேறு குடும்பம்தான். ஆனால் குழிபறித்து முட்டையிடும் பழக்கத்தில் ஒரு சாயல் உண்டு என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

லூசியானாவில் பிரெஞ்சு பேசியவர்கள் இதைச் ‘சாக் ஆ லே’ என்கிறார்கள். பிரெஞ்சில் அதற்குப் பால்பை என்று அர்த்தம் வரும். ஆனால் அது சாக்டா மொழியின் ‘சக்லி’ என்ற மீன்பெயர் திரிந்து வந்தது என்பார்கள். வந்தேறியவன் தன் காதுக்குக் கேட்டதைத் தன் மொழியாக்கிக்கொண்டான், மீன் பழைய பெயரையே உள்ளே வைத்திருக்கிறது. எனக்குப் பிடித்த பெயர் இன்னொன்று: காகிதவாய். அதன் காரணத்தை இப்போது சொல்கிறேன்.

அம்மாவுக்கு வெளியூர்க்காரருக்கான உரிமச் சீட்டு வாங்கினேன். தூண்டில் போடச் சீட்டா என்று அவர் திகைக்கவில்லை. குத்தகை விட்ட கண்மாயைப் பார்த்தவர் அல்லவா? “காசு குடுத்தா யாருக்கும் குடுப்பாங்களா? அப்ப நல்ல ஏற்பாடுதான்” என்றார். பத்தடி நீளக் கழி, நரம்பு, சிவப்புத் தக்கை, ஒரு வாளியில் உயிருள்ள பொடிமீன். மிசிசிப்பியில் கிராப்பிக்கு வழக்கமான இரைகளில் ஒன்று அது. மண்புழு தேடிய அம்மாவுக்கு மீனைக் கோர்த்து மீனைப் பிடிப்பது முதல்நாள் ஒப்பவில்லை.

கரையில் எங்களுக்கு முன்பே ஒருவர் வந்திருந்தார். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்த கறுப்பின மூதாட்டி, அம்மா வயதிருக்கும். படகு இல்லாதவர்கள் கரையில் வாளி போட்டு உட்கார்ந்து மீன் பிடிப்பது அந்த மாநிலத்துக் கறுப்பினக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவது. அடிமைக் காலத்திலும் அதற்குப் பின்னும், கூலி போதாத வீட்டில் அடுப்பெரிய வைத்த மீன் அது. அவர் கையில் இருந்தது மூங்கில் கழி, உருளை எதுவும் இல்லாமல் நுனியில் நரம்பு கட்டியது. அம்மா அதைப் பார்த்ததும் என் கையிலிருந்த கடைக்கழியை ஒரு தடவை பார்த்தார். நான் பேச்சை மாற்றினேன்.

முதல் மீன் கடித்தது. கண்மாய்ப் பழக்கத்தில் அம்மா வெடுக்கென்று சுண்டினார். முள் வெறுமனே வந்தது. இரண்டாவதும் அப்படியே. அந்த மூதாட்டி எழுந்து வந்தார். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தணித்து, தன் கீழுதட்டை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டையை எடுத்துக் கிழித்தார். கிராப்பியின் வாயோரம் அவ்வளவு மெல்லிய சவ்வு. கெளுத்தியைச் சுண்டுவதுபோலச் சுண்டினால் கிழிந்துபோகும். கழியைத் தூக்கினால் போதும். ஒரு வார்த்தை மொழி இல்லாமல் அந்தப் பாடம் நடந்தது. அன்றைக்கு முழுக்க அம்மா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்றும் அங்கே கற்றோம். இந்த மீனின் கண் மேல்நோக்கிப் பார்ப்பதற்கு வாகாக அமைந்தது. தனக்கு மேலே இருக்கும் இரையைத்தான் ஏறிவந்து எடுக்கும். அப்படி எடுத்து அது மேலேயே நின்றால் நரம்பு தளரும். நம்மூர்த் தக்கை கடிபட்டால் உள்ளே போகும். இங்கே சில நேரம் தக்கை மெல்லச் சாய்ந்து தண்ணீர்மேல் படுத்துவிடும். காற்றில் சாய்ந்தது என்று நாம் பார்த்துக்கொண்டிருப்போம், இரை போயிருக்கும். அம்மா இதை மூன்றாவது தடவையில் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பருவம் முழுக்கத் தேவைப்பட்டது.

கரைமேட்டில் டாக்வுட் மரங்கள் பூத்திருந்தன. இலை வருமுன் கிளை நிறைய வெள்ளையாகப் பூக்கும் மரம். டாக்வுட் பூத்தால் கிராப்பி கரைக்கு வந்துவிட்டது என்பது அந்த நாட்டுத் தென்பகுதியில் எல்லோரும் சொல்வது. மீன் கணக்குப் பார்ப்பது தண்ணீரின் சூட்டை. ஏறக்குறைய 16இலிருந்து 20 டிகிரி செல்சியஸ் வரும்போது முட்டையிடும். அதே இதமான நாட்களில் மரமும் பூக்கிறது. ஆடிப்பெருக்கையும் ஆனித் தூறலையும் வைத்து விதைத்த நமக்கு இது விளங்காத கணக்கு அல்ல.

இரண்டாம் வாரம் ஒருநாள், முட்டளவு தண்ணீரில் நின்ற ஒரு புதருக்குப் பக்கத்தில் அம்மாவின் தக்கை இறங்கியது. பக்பிரஷ் என்பார்கள் அந்தப் புதரை, குளிர்காலத்தில் காய்ந்த தரையில் நிற்பது. வந்த மீனைப் பார்த்ததும் அவர் கை நின்றது. தலை, தொண்டை, மார்பு எல்லாம் கரி பூசியது போல் கறுத்திருந்தது. “இது நோவு புடிச்ச மீனாய்யா?”

நோவு இல்லை. அது ஆண். முட்டைப் பருவத்தில் ஆண் கிராப்பி இப்படிக் கறுக்கும். கரையோரமாக வந்து, வேரடியிலோ புல்லடியிலோ சின்னதாக ஒரு குழி சுத்தம் செய்துவைப்பது அதுதான். பெண் வந்து முட்டையிடும், ஆழத்துக்குத் திரும்பிவிடும். முட்டைகள் பசைபோல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆண் அங்கேயே நின்று துடுப்பால் விசிறும். சேறு படியாமலும் மூச்சுக்காற்று கிடைக்கவும் அந்த விசிறல். சில நாட்களில் குஞ்சு பொரிந்து, இன்னும் சில நாட்களில் நீந்திப்போகும்வரை, முட்டை தின்ன வருகிற மற்ற மீன்களைத் துரத்திக்கொண்டு நிற்கும். அந்த நாட்களில் அதன் முன்னால் எது விழுந்தாலும் பாய்ந்து கவ்வும். குழிக்கு ஆபத்து என்றுதான் கவ்வுகிறது, பசி இரண்டாம்பட்சம்.

நான் இதைச் சொல்லி முடித்தபோது அம்மா கேட்டார்: “அப்ப தாய் எங்க போச்சு? அப்பங்காரனா காவலுக்கு நிக்கிறான்?” மீனை அப்படியே தண்ணீருக்குள் பிடித்து, முள்ளைக் கழற்றி விட்டார். “வெரால் குஞ்சோட திரிஞ்சா எங்கய்யா தூண்டி போட மாட்டாரு” என்றார்.

விரால் உங்களுக்குத் தெரியும். சிவந்த குஞ்சுக்கூட்டம் தண்ணீர்மேல் கொப்பளித்துப் போகும், அடியில் பெரியது காவலாகப் போகும். அந்தக் கூட்டத்தின் நடுவில் தூண்டிலைப் போட்டால் பெரியது நிச்சயம் கவ்வும் என்பது தெரிந்து, அதற்காகவே தேடிப்போய்ப் போடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. என் தாத்தா போடவில்லை. அவர் மகள் ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் வேறொரு மீனிடம் அந்த வழக்கத்தைக் கொண்டுபோனார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரு விதி. கறுத்த மீன் தண்ணீருக்கு. மற்றவற்றில் சட்டம் சொன்னது மட்டும் வாளிக்கு.

சட்டம் என்றால், அந்த ஏரியில் 12 அங்குலத்துக்குக் குறைந்த கிராப்பியை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் ஒருநாளில் இத்தனைதான் என்றும் கணக்கு உண்டு. இரண்டு மூன்று வயதில் பருவத்துக்கு வரும் மீன், 12 அங்குலம் தொடுவதற்குள் பெரும்பாலும் ஒரு தடவையாவது முட்டையிட்டிருக்கும். அளவுப்பட்டை இல்லாமல் யாரும் மீனை வாளியில் போடுவதை நான் பார்க்கவில்லை. பன்னிரண்டு அங்குலம் அங்கே பெரிதும் அல்ல. ஒன்றேகால் கிலோவைத் தாண்டிய மீன்களுக்காகவே நாடெங்கும் இருந்து கிரெனடாவுக்கு வருகிறார்கள். பக்கத்து ஈனிட் ஏரியில் 1957இல் பிடித்த 5 பவுண்டு 3 அவுன்ஸ் வெள்ளைக் கிராப்பிதான் உலகச் சாதனையாகப் பதிவானது.

மீன் அரியும் கொட்டகையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே எல்லோரும் இரண்டு பக்கச் சதையை மட்டும் வழித்தெடுத்துக்கொண்டு தலையையும் முள்ளையும் போடுவார்கள். சோளமாவில் புரட்டிப் பொரிக்கச் சதை போதும் அவர்களுக்கு. தலையை வீசுவதைப் பார்த்து அம்மா பொறுத்துக்கொண்டார். அடுத்த மேசையில் ஒருவர் மஞ்சள் சினையை வழித்துத் தொட்டியில் தள்ளினார். அதைப் பொறுக்கவில்லை. என்னைக் கேட்கச் சொன்னார். அவரும் சந்தோஷமாகவே கொடுத்தார், ஒரு பை நிறைய. வீட்டில் சின்ன வெங்காயத்துக்குப் பதில் பெரிய வெங்காயம் போட்டு, மிளகு தூக்கலாக, சினைப் பொரியல். சதை எங்கள் புளிக்குழம்பில் கரைந்துபோனது உண்மை. அந்த மீன் குழம்புக்கு ஆகாது, வறுவலுக்குத்தான்.

சாப்பிடும்போது அடுத்த கேள்வி வந்தது. “இம்புட்டும் மீனாயிருக்குமா?” கிராப்பியின் சினையில் சில ஆயிரத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேல்வரை முட்டை இருக்கும். அத்தனையும் மீனாகாது என்றேன். “அப்ப எதுக்கு இம்புட்டு?” என்றார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

உங்களில் சிலர் இப்போது நினைப்பது தெரிகிறது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. இனப்பெருக்கக் காலம் என்றுதான் அந்தத் தடை. அப்படியிருக்க, சினைக்காலத்தில்தான் மீன்பிடிப்பே என்று ஒரு நாடு இருக்கலாமா? நானும் அங்கே ஒரு மீன்வளக்காரரிடம் இதைக் கேட்டேன். அவர் ஏரியின் மட்டக் கணக்கைக் காட்டினார். அம்மாவின் கேள்விக்கும் பதில் அதில்தான் இருந்தது.

கிராப்பிக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி வாய்ப்பதில்லை. ஒரு வருஷக் குஞ்சு ஏரியை நிறைக்கும், அடுத்த வருஷக் குஞ்சு தேடினாலும் கிடைக்காது. இந்த ஏற்ற இறக்கத்தில் தூண்டிலின் பங்கு சிறியது என்றும், குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் தண்ணீர் எவ்வளவு, எப்படி வந்தது என்பதன் பங்கு பெரியது என்றும் அணைக்கட்டு மீன்களைப் படித்தவர்கள் சொல்கிறார்கள். காய்ந்து கிடந்த தரையில் புல் முளைத்திருக்கும். அதன்மேல் தண்ணீர் ஏறும்போது புல் மக்கும், சத்து கரையும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பொங்கும். கிராப்பிக் குஞ்சின் முதல் சோறு அதுதான். மூழ்கிய புதர் அதற்கு ஒளிவிடம். தண்ணீர் குறித்த நேரத்தில் ஏறி, சில வாரம் நின்றால் லட்சத்தில் கொஞ்சம் பிழைக்கும். முட்டை கிடக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கினால், காவலுக்கு நின்ற அப்பன் என்ன செய்வான்? குழியோடு காயும். எந்த வருஷம் வாய்க்கும் என்று மீனுக்குத் தெரியாது. அதனால்தான் அம்மா கேட்ட ‘இம்புட்டு’.

இதைச் சொல்லும்போது என் தொழிலைப் பற்றி எனக்கு உறுத்தல் உண்டு. மதகைத் திருப்புகிறவன் கணக்கில் கனஅடி இருக்கும், வெள்ள அபாயம் இருக்கும், நியாயமாகவே இருக்கும். மார்ச் கடைசி வாரம் புதரடியில் விசிறிக்கொண்டு நிற்கும் ஆண்மீன் அந்தத் தாளில் ஒரு பத்தியிலாவது இடம்பெற வேண்டும் என்று நான் எழுதத் தொடங்கியது அந்த வருஷத்துக்குப் பிறகுதான்.

நம் கண்மாய்க்கு வருகிறேன். காய்ந்த தரைமேல் புதுத் தண்ணீர் என்ற இந்த வித்தையை நம் முன்னோர் ஒவ்வொரு ஊரிலும் கட்டிவைத்தார்கள். ஐப்பசியில் நிறைந்து பங்குனியில் வற்றும் கண்மாய், கிரெனடா செய்வதைத்தான் மாதம் மாற்றிச் செய்கிறது. வற்றுவதும் கெடுதல் அல்ல, வற்றிய தரைதான் அடுத்த வருஷக் குஞ்சுக்குச் சோறு ஆக்குகிறது. கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. வரத்துக்காலில் வீடு கட்டினோம், தண்ணீர் வந்தாலும் மீன் ஏறி வர வழி இல்லை. ஓரத்துப் புல்லும் நாணலும் நின்ற சரிவை வெட்டிச் செங்குத்தாக்கி ‘ஆழப்படுத்தினோம்’. குஞ்சு ஒண்டும் முழங்கால் தண்ணீர் போயிற்று. கண்மாயைத் தூர்வாரும்போது நடுவில் அள்ளுங்கள், ஓரச் சரிவை விட்டுவையுங்கள் என்று இந்தக் கூட்டத்தில் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

தூண்டில்காரனை இதோடு விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 2018இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப் என்றொரு கருவியைக் கொண்டுவந்தது. படகுக்கு முன்னால் தண்ணீருக்கடியில் மீன் அசைவதை அந்த நொடியே திரையில் காட்டும். ஒரு மீனைக் குறிவைத்து, அதன் தலைக்கு மேல் இரையை நிறுத்தலாம். அது சரியா தவறா என்று கிராப்பிக்காரர்களுக்குள் ஓயாத வாதம். என் மனம் அதை ஏற்கவில்லை. கறுத்த மீன் எது என்பது திரையில் தெரியாது, கையில் எடுத்தால்தான் தெரியும். அம்மா அன்றைக்குக் கையை நிறுத்தியது போல ஒவ்வொரு மீனுக்கும் நிறுத்த வேண்டியிருக்கிறது. வேகம் கூடக்கூட அந்த நிறுத்தம் போய்விடும்.

ஏப்ரல் நடுவில் மீன்கள் கரையை விட்டுப் போயின. கடைசி நாள் அம்மாவின் நரம்பு ஒரு பக்பிரஷ் புதரில் சிக்கி அறுந்தது. சிவப்புத் தக்கை கிளையில் மாட்டி, தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றது. எடுக்க இறங்கினேன். அந்தப் புதரடியில் குஞ்சு இருந்தாலும் இருக்கும், கலக்காதே என்றார். மூதாட்டி தன் மூங்கில் கழியை அம்மாவிடம் கொடுத்தார். விமானத்தில் கொண்டுவர முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது என் வீட்டுச் சுவரில் இருந்தது.

அம்மா ஊருக்குத் திரும்பிய பின், டிசம்பரில் நான் தனியே அங்கே போனேன். கரைவரை இருந்த தண்ணீர் வெகுதூரம் உள்ளே போயிருந்தது. ஈரம் காயாத செம்மண்ணில் கால் புதையப் புதைய நடந்து அந்தப் புதரைக் கண்டுபிடித்தேன். தக்கை அப்படியே இருந்தது, என் இடுப்புயரத்தில், வெறும் காற்றில் தொங்கிக்கொண்டு. அடியில் தரை முழுக்கப் புல் முளைத்திருந்தது. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “எடுக்காத, அங்கயே இருக்கட்டும். தண்ணி அதத் தொட்டதும் எனக்குச் சொல்லு” என்றார்.

அடுத்த மார்ச் 29ஆம் தேதி காலையில் அழைத்துச் சொன்னேன்.